இலையோரத்து மிளகும் ராஜாவின் முழங்காலும்

பாலூர் நாடு எந்தத் திசையில் இருந்தது என்று என்னைக் கேட்காதீர்கள். வெகு காலத்துக்கு முன்னால் அதிரதன் என்றொரு ராஜா அதை ஆண்டார், ஆண்டதைவிட அதிகமாக அங்கிருந்தவர்களின் பிராணனை வாங்கினார், அது மட்டும் தெரியும்.

அவருக்குச் சாப்பாடு என்றால் நெய்யில் பொரித்ததும் பாகில் ஊறியதும்தான். கறிவேப்பிலை, மிளகு, இஞ்சித் துண்டு, பூண்டுப் பல், கீரை எல்லாவற்றையும் விரலால் பொறுக்கிப் பொறுக்கி இலையோரம் ஒதுக்குவார். ரசத்தைத் துணியில் வடிகட்டச் சொல்லுவார். அரைத்துக் கலந்தாலும் மோந்து பார்த்தே கண்டுபிடித்துவிடுவார். இந்தக் கவனத்தில் கால்வாசி நாட்டு நிர்வாகத்தில் இருந்திருந்தால் ஊர் உருப்பட்டிருக்கும்!

இப்படித் தின்றவருக்கு முழங்கால் வீங்கியது. சிவந்து, தொட்டால் சுட்டது. அரண்மனை வைத்தியர் நாகலிங்கர் தங்க பஸ்மம் கொடுத்தார். வீக்கம் அசையவில்லை. சமையல்காரி செம்பாயியின் கைப்பக்குவத்தை ஊரே மெச்சுவது அவருக்கு ஏற்கெனவே பொறுக்காது. பழியை அவள் தலையில் போட்டார்.

“மகாராஜா, இவள் போடும் மஞ்சளும் மிளகும்தான் சூட்டைக் கிளப்புகின்றன!”

“நான்தான் அதையெல்லாம் தின்பதே இல்லையே?”

“வாசனை உள்ளே போகிறதே, பிரபு!”

ராஜா இதையும் நம்பினார். என்னத்தைச் சொல்ல!

“செம்பாயி, மூன்று மாதத்தில் தேர்த் திருவிழா. வழக்கப்படி நான் நடந்து வந்து முதலில் வடம் பிடிக்க வேண்டும். முடியாமல் போனால் நீ குடும்பத்தோடு நாட்டை விட்டுப் போய்விடு.”

மூன்று பிள்ளைகளை இழுத்துக்கொண்டு செம்பாயி எங்கே போவாள்?

“ஒரே ஒரு பிடி கீரை தின்னுங்க, மகாராஜா” என்று பத்து நாள் கெஞ்சினாள். “அது ஆடு தின்பது” என்றார் ராஜா.

பதினோராம் நாள் கெஞ்சுவதை விட்டாள். வாசல் காவல்காரன் வேலப்பனுக்கும் ராஜாவின் வயசு, அதே வீக்கம். பொரித்ததையும் இனிப்பையும் தொடமாட்டேன் என்று அவனிடம் சத்தியம் வாங்கிக்கொண்டு, தினமும் கீரையும் இஞ்சி பூண்டு போட்ட மஞ்சள் குழம்பும் ஊற்றினாள்.

“மஞ்சள் போதாதாக்கா? மிளகு வேற எதுக்கு?”

“மஞ்சள் தனியாப் போனா உடம்புல நிக்காதுடா. மிளகும் கூடப் போனாத்தான் பிடிக்கும். அதுவும் ஒரு நாள் தின்னா ஆகாது, தினமும் தின்னணும்.”

ஒரு மாதத்தில் வேலப்பன் குந்தி எழுந்தான். அன்றைக்கு நாகலிங்கர் அந்தப் பக்கம் வரும் நேரம் பார்த்துச் செம்பாயி சத்தமாகச் சொன்னாள்: “நல்லதெல்லாம் உனக்குத்தான் வேலப்பா. ராஜா காதுக்குப் போயிடக் கூடாது!”

வைத்தியர் ஓட்டமாய் ஓடினார். “மகாராஜா, உங்களுக்குச் சேர வேண்டியதை, உங்களைப் போலவே முழங்கால் வீங்கிக் கிடந்த ஒரு காவல்காரன் தின்கிறான்!”

ராஜா வேலப்பனை வரவழைத்து உட்கார்ந்து எழச் சொன்னார். அவன் சளைக்காமல் பத்துத் தடவை எழுந்தான். ராஜாவுக்குக் கோபம் தலைக்கேறியது.

“எனக்கில்லாத கீரை இவனுக்கா? இவன் தின்பதெல்லாம் இன்றிலிருந்து என் இலைக்கு வர வேண்டும்! ஒரு மிளகு குறைந்தாலும் விடமாட்டேன்!”

“உங்களுக்கு ஆகாதே மகாராஜா. பலகாரத்தை வேற விடணுமே” என்று செம்பாயி இழுத்தாள்.

“அவன் விட்டானா இல்லையா? நான் அவனுக்கு இளைத்தவனா?”

தேரன்று ராஜா நடந்தே வந்து வடம் பிடித்தார். வீக்கம் பெரும்பாலும் வற்றியிருந்தது. நாகலிங்கர் முந்திக்கொண்டார்.

“என் பஸ்மம் கொஞ்சம் மெதுவாக வேலை செய்திருக்கிறது, பிரபு!”

“அதை எங்கேயய்யா விழுங்கினேன்? ஜன்னல் வழியாக அல்லவா எறிந்துகொண்டிருந்தேன்!” என்றார் ராஜா. சபை சிரித்தது. “இனி ஒரு வருஷம் செம்பாயிக்கு முருங்கைக்கீரை ஆய்ந்து கொடும், போம்!”

பிறகு அவள் பக்கம் திரும்பினார். “ஆற்றங்கரை ஊர் இனி உன்னுடையது செம்பாயி. இன்னும் என்ன வேண்டும், கேள்.”

செம்பாயி தலையில் அடித்துக்கொண்டாள்.

“எனக்கு ஒண்ணும் வேணாம் சாமி. போட்டதைத் தின்னுட்டு எந்திரிங்க, அது போதும்!”