பதினைந்து கிலோ காக்கிப் பை

பக்கீர் மாஸ்டரிடம் கேள்வி கேட்டால் பதில் வராது, வேலைதான் வரும். திண்டுக்கல்லில் ஊசி பிடித்த அத்தனை பேருக்கும் இது தெரியும். தெரிந்தேதான் அமலோற்பவம் அன்று அவர் கடைக்கு மாடியேறினாள்.

அவரைவிட அவள் ஐந்து வயது மூத்தவள். புருஷன் இறந்த வருஷம், தன் முப்பத்தைந்தாவது வயதில், எட்டு வயது மகளைக் கையில் பிடித்துக்கொண்டு முதன்முதலாக இதே படிகளில் ஏறினாள். "எனக்கு எதுவுமே தெரியாது தம்பி, சொல்லிக் குடுப்பீங்களா?" என்று கேட்டாள். அவர் ஊசியை நீட்டி, "முதல்ல இதுல நூல் கோத்துக் காட்டுங்க அக்கா" என்றார். அன்றிலிருந்து அவர் அவளுக்கு மாஸ்டர், அவள் அவருக்கு அக்கா.

இன்றைக்கு 'அமலி டெய்லர்ஸ்' என்றால் ஊரில் தெரியாத ஆளில்லை. ஆறு மெஷின் ஓடுகிறது. பள்ளிக்கூட யூனிஃபார்ம் ஒரு பக்கம், காக்கி ஒரு பக்கம். ஊரில் ஓடுகிற ஆட்டோக்காரர்களில் பாதிப் பேர் முதுகில் இருப்பது அவள் தையல்தான். அதை அவளே நாலு பேரிடம் சொல்லுவாள். சொல்லட்டுமே, உழைத்தவள் சொல்லாமல் வேறு யார் சொல்லுவது?

அவளுக்கு இப்போது ஆப்பிரிக்கப் பயணம் ஒன்று வந்திருந்தது. பெங்களூரில் இருக்கும் மகள் ரெஜினா ஒரு நாள் போனில், "அம்மா, கென்யா போறோம், சஃபாரி. காட்டுக்குள்ளயே ஒரு லாட்ஜ்ல தங்கப் போறோம்" என்றாள்.

"ஏம்மா, அவ்வளவு தூரம் போயும் லாட்ஜ்லதான் தங்கணுமா?"

மகள் சிரித்துவிட்டுப் படங்களை அனுப்பினாள். கட்டிலில் படுத்தபடியே யானை பார்க்கலாம் போலிருந்தது. அமலோற்பவம் அந்தப் படங்களைக் கடைக்கு வந்த ஒருவர் விடாமல் காட்டினாள். அளவு கொடுக்க வந்தவர்கள் அளவை மறந்து யானை பார்த்தார்கள்.

படங்களுக்குப் பின்னால் ஒரு பட்டியலும் வந்தது. காட்டுக்குள் போவது சின்ன விமானம். ஆளுக்குப் பதினைந்து கிலோதான். சக்கரம் வைத்த பெட்டி கூடாது, மடங்குகிற துணிப்பைதான் அதன் வயிற்றுக்குள் போகும். உடுப்பு காக்கி, பழுப்பு மாதிரி நிறத்தில் இருக்கவேண்டும். நீலமும் கறுப்பும் வேண்டாம், கடிக்கிற ஈ ஒன்று அந்த நிறத்தைத் தேடி வருமாம். பிளாஸ்டிக் கவர் ஒன்றுகூடக் கூடாது, அந்த நாட்டில் தடை.

"காக்கியா? அட, என்கிட்டயா சொல்றீங்க!" என்று அவள் உட்கார்ந்த இடத்திலேயே நிமிர்ந்தாள்.

சம்பந்தியம்மா பிலோமினாவும் கூட வருகிறார். சென்னைக்காரர். எல்லோருக்கும் ஒரே மாதிரியாக ஐந்து வெளிநாட்டுப் பை வாங்கி வைத்துவிட்டார். போட்டோவில் அழகாக இருக்குமாம். அமலோற்பவத்துக்கும் அதில் ஒன்று.

சம்பந்தியம்மா கெட்டவர் இல்லை. ஆனால் கல்யாணத்தன்று தன் சொந்தக்காரர்களிடம், குரலைத் தாழ்த்தி, "திண்டுக்கல்ல சின்னதா பொட்டிக் வெச்சிருக்காங்க" என்று சொன்னார். பொட்டிக்காம்! தையல்கடை என்று சொல்ல அவருக்கு வாய் கூசியது. அந்த வார்த்தை அமலோற்பவத்துக்கு இன்னும் தொண்டைக்குள் நிற்கிறது.

"என் பையை நானே தைச்சுக்குவேன்" என்றாள் மகளிடம்.

"அம்மா, அங்க பெரிய பெரிய ஆளுங்க வருவாங்க. வழியில பிய்ஞ்சு கிய்ஞ்சு போச்சுன்னா மானம் போயிடும்."

"யாரு தையல் பிய்யும்ங்கற? வெள்ளிக்கிழமை நீ வா. என் பை நிக்கலன்னா உங்க அத்தை பையைத் தூக்கிட்டு வர்றேன். போதுமா?"

சவால் விட்டாயிற்று. வெள்ளிக்கிழமை சாயங்காலம் மகள் அந்த ஐந்தாவது பையோடு வருவாள்.

காக்கி டிரில் துணியை எடுத்தாள். இரண்டு நாள் உட்கார்ந்து பையின் நெற்றியில் ஒரு யானை போட்டாள், பூத்தையலில். தும்பிக்கையைத் தூக்கிக்கொண்டு, வெள்ளைத் தந்தத்தோடு, என்ன அழகு! கடைப் பெண்கள் வாயைப் பிளந்தார்கள். சம்பந்தியம்மாவும் பிளக்கட்டும் என்று நினைத்துக்கொண்டாள். கைப்பிடியை அவசரமாக வைத்து முடித்தாள். கடை லேபிள், சிவப்பில் வெள்ளை எழுத்தாக 'அமலி டெய்லர்ஸ், திண்டுக்கல்', அதை மட்டும் பைக்குள்ளே, அடிப்பக்கத்தில் வைத்துத் தைத்தாள்.

மூட்டை கட்டியது தனிக் கூத்து. முதலில் எடுத்து வைத்தது இருபத்துநாலு கிலோ வந்தது. ஊறுகாய் போனது. போர்வை போனது. மாதாவுக்கு நேர்ந்துகொண்டு வருஷக்கணக்காகக் கட்டுகிற நீலப் புடவைகளை, "ஈ கடிக்குமாம் தாயே, மன்னிச்சுக்கோ" என்று முத்தம் கொடுத்து எடுத்து வைத்தாள். துணிக்கடைக் கவர், நகைக்கடைக் கவர் என்று ஒவ்வொன்றையும் கவருக்குள் சுற்றியிருந்ததை உருவி எறிந்து, யூனிஃபார்ம் வெட்டி மீந்த துணியில் பத்துப் பதினைந்து சுருக்குப் பை தைத்தாள். பருப்புப் பொடி ஒன்றில், தைலம் ஒன்றில், முறுக்கு ஒன்றில். தனக்கென்று தைத்த காக்கிச் சுடிதாரைப் போட்டுக் கண்ணாடியில் பார்த்தாள். ஒரு விசில் மட்டும்தான் குறை, நேராகச் சிக்னலில் போய் நிற்கலாம்.

இதற்கிடையே ஞாயிற்றுக்கிழமை பூசையில் சாமியார் கர்வத்தைப் பற்றிப் பிரசங்கம் வைத்தார். அவளுக்குத் தன்னைப் பார்த்தே சொன்ன மாதிரி இருந்தது. அதுதான் செவ்வாய்க்கிழமை காலையில் மாஸ்டர் கடைக்கு வந்துவிட்டாள்.

"மாஸ்டர், கர்வம் தப்பா?"

மாஸ்டர் துணியில் சாக்பீஸ் கோடு இழுத்துக்கொண்டிருந்தார். கோடு முடியும்வரை நிமிரவில்லை.

"பை முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது."

"சாமானோட கொண்டாங்க."

கொண்டுவந்தாள். கீழே பழைய இரும்புக் கடையில் தொங்குகிற தராசில் மாட்டினார்கள். பதினைந்துக்குச் சரியாக நின்றது முள். அமலோற்பவம் சுற்றி நின்றவர்களை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு பையைத் தூக்கிக்கொண்டு மாஸ்டர் பின்னால் மாடியேறினாள்.

மாஸ்டர் யானையைத் தடவிப் பார்த்தார்.

"அந்தச் சின்ன விமானத்துல இதை யாரு ஏத்துவா?"

"அங்க ஆளுங்க இருப்பாங்க."

"மெதுவாவா வைப்பாங்க?"

"எங்க மாஸ்டர்! நம்ம பஸ் ஸ்டாண்டுல மூட்டையை எப்படிப் போடறாங்க? அப்படித்தான் இருக்கும்."

மாஸ்டர் பையை எடுத்தார். மாடிப்படியின் தலையில் நின்று தெருவுக்கு வீசினார்.

"ஐயையோ!"

பை பொத்தென்று விழுந்தது. அவர் இறங்கிப் போய் எடுத்து வந்து மறுபடியும் வீசினார். மூன்றாவது தடவை வீசத் தெருவில் கைப்பிடியைப் பிடித்துத் தூக்கியபோது கைப்பிடி மட்டும் கையோடு வந்தது. கைப்பிடி இருந்த இடத்திலிருந்து துணி அடிவரை கிழிந்துவிட்டது. காக்கிச் சுடிதார் சாக்கடை ஓரத்தில் கிடந்தது. சுருக்குப் பைகள் தெருவில் உருண்டன. ஆட்டோ ஸ்டாண்டே திரும்பிப் பார்த்தது. அத்தனையும் அவள் தைத்த காக்கிச் சட்டைகள்.

"அக்கா, இந்தச் சின்னப் பை ஒண்ணுகூட அவிழலக்கா" என்று ஓர் ஆட்டோக்காரர் ஆறுதலாகப் பொறுக்கிக் கொடுத்தார். அவளுக்கு அதைக் கேட்கிற நிலைமை இல்லை. முகம் பற்றி எரிந்தது.

மாஸ்டர் கிழிசலை விரித்துக் காட்டினார். கைப்பிடியில் ஓடியிருந்தது ஒரே ஒரு வரித் தையல். அவளிடம் வேலை கற்கிற பெண் எவளாவது இப்படித் தைத்திருந்தால் மெஷினைவிட்டு எழுப்பியிருப்பாள்.

"யானை நல்லா இருக்குக்கா" என்றார் மாஸ்டர். படியேறிப் போய்ச் சாக்பீஸை எடுத்துக்கொண்டார்.

அவள் அன்று சாப்பிடவில்லை. எனக்கு வேணும், நல்லா வேணும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். சம்பந்தி பையையே தூக்கிக்கொண்டு போய்விடலாமா என்றும் ஒரு நிமிஷம் தோன்றியது. அடுத்த நிமிஷமே, "பொட்டிக்காம், பொட்டிக்!" என்று எழுந்து விளக்கைப் போட்டுத் துணியை விரித்தாள்.

கைப்பிடி மேலே மட்டும் நின்றால் போதாது. நாடா பையைச் சுற்றி அடிவரை போய் மறுபக்கம் ஏறி வரவேண்டும், எடை முழுக்க நாடாவில் நிற்கவேண்டும். அவளுக்குத் தெரியாததா? நாடா போகிற வழியில் யானை நின்றது.

மறுநாள் காலையில் கடைப் பெண் ஒருத்தி, "அக்கா, யானையை விட்டு நாடாவைக் கொஞ்சம் தள்ளி வைக்கலாமே" என்றாள்.

"தள்ளி வெச்சா பை ஒரு பக்கம் சாயும்டி."

பிளேடை எடுத்து யானையைப் பிரித்தாள். தும்பிக்கை, காது, தந்தம், கால். இரண்டு நாள் உழைப்பு நூல் பொடியாக மடியில் விழுந்தது. தந்தத்தைப் பிரிக்கும்போது அழுகை வந்தது, துடைத்துக்கொண்டாள். கிழிந்த பக்கத்துக்கு மாற்றுத் துணி வைத்தாள். அடித்துணியை இரட்டையாகப் போட்டாள். நாடா ஏறுகிற இடத்திலெல்லாம் கட்டம் போட்டு, கட்டத்துக்குள் பெருக்கல் குறி போட்டு, அதன்மேல் இன்னொரு முறை ஓட்டினாள். லேபிளைப் பழையபடி உள்ளே, அடிப்பக்கத்தில் வைத்தாள். புதன் போனது, வியாழன் போனது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம், மகளை நேரே மாஸ்டர் கடைக்கு வரச் சொல்லிவிட்டு, அவளே வலியப் போனாள். நாடாவின் எடைக்கு ஈடாக முறுக்கை எடுத்துவிட்டிருந்தாள், தராசில் பதினைந்துக்கு ஒரு நூல் கீழே நின்றது முள். ஆட்டோக்காரர்கள் இந்த முறை சொல்லாமலேயே கூடிவிட்டார்கள்.

"போடுங்க மாஸ்டர்."

"நீங்க போடுங்கக்கா."

மாடிப்படியின் தலையில் நின்று அவளே வீசினாள். ஒன்று. இரண்டு. மூன்றாவது வீச்சில் அவளுக்கு மூச்சு நின்றது, பைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஏழு தடவை வீசினாள். அப்புறம் இரண்டு ஆட்டோக்காரர்கள் ஆளுக்கொரு கைப்பிடியைப் பிடித்துத் தேர் வடம் மாதிரி இழுத்தார்கள். இழுத்தவர்களில் ஒருவர்தான் சறுக்கி விழுந்தார்.

தெருவே கை தட்டியது. அமலோற்பவம் தன்னை மறந்து, "யாரு தையல்! யாரு தையல்ங்கறேன்!" என்று கத்திவிட்டாள். சொன்ன பிறகு சாமியார் ஞாபகம் வந்து நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

மாஸ்டர் பையை மேலே தூக்கிப் போய் மேசையில் வைத்தார். தூசி தட்டினார். யானை இருந்த இடத்தில் ஊசித் துளைகள் தெரிந்தன, அதை விரலால் தடவினார். ஒவ்வொரு கட்டமாகப் பார்த்தார். இருபத்து மூன்று வருஷத்தில் அவர் அவளுடைய தையலை இவ்வளவு நேரம் பார்த்ததில்லை. பிறகு பையைத் திருப்பித் திருப்பி எதையோ தேடினார்.

"லேபிள் எங்க?"

"உள்ள இருக்கு மாஸ்டர். அடியில."

"ஏன்?"

"சட்டைக்கு உள்ளதானே வைக்கிறோம்?"

"இது சட்டையா?"

அவள் தரையைப் பார்த்தாள்.

"இல்ல... அவங்க எல்லாரும் ஒரே மாதிரி பை வெச்சிருப்பாங்க. அதுக்கு நடுவுல, திண்டுக்கல் டெய்லர்னு... சம்பந்தியம்மா கண்ணுல பட்டா..."

மாஸ்டர் பிளேடைக் கையில் எடுத்தார். ஜிப்பைத் திறந்து, சாமான்களுக்கு அடியில் கைவிட்டு, அந்த இடத்தை வெளியே இழுத்தார். பிளேடால் நாலு பக்கமும் நுனி நுனியாகப் பிரித்தார். துணிக்கு ஒரு கீறல் விழவில்லை. சிவப்பு லேபிளை அவள் உள்ளங்கையில் வைத்தார்.

அவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். கீழே ஓர் ஆட்டோ வந்து நிற்கும் சத்தம் கேட்டது. "அம்மா!" என்று ரெஜினா கூப்பிடுவதும் கேட்டது.

"மாஸ்டர், நான் கேட்டதுக்கு நீங்க பதிலே சொல்லலையே."

"என்ன கேட்டீங்க?"

"கர்வம் தப்பான்னு."

"செவ்வாய்க்கிழமை தெருவுல பிய்ஞ்சு விழுந்துச்சே, அது தப்பு."

"அப்ப இது?"

மாஸ்டர் தன் மெஷினில் தானே நூல் கோர்த்தார். ஸ்டூலை அவள் பக்கம் தள்ளிவிட்டார்.

"உட்காருங்கக்கா. வெளியில, நட்ட நடுவுல வைங்க. நாலு பக்கமும் ரெட்டைத் தையலா வரட்டும்."