தவசிக்கண்ணுவின் ஆட்டோ அறிவிப்பு

எங்கள் நகராட்சியில் தவசிக்கண்ணுவின் குரல் எட்டாத இடமே கிடையாது. இதைச் சொன்னவர் தவசிக்கண்ணுதான். வேறு சாட்சி கிடையாது. தண்ணீர் வராத நாள், ஊசி போடும் முகாம், எதுவானாலும் ஆட்டோவில் ஸ்பீக்கரைக் கட்டி, தானே ஓட்டிக்கொண்டு, மைக்கில் ஊருக்குச் சொல்வது அவர் வேலை.

நேற்று பூங்கோதையின் தெருவிலும் சொல்லத்தான் செய்தார். வண்டி போன வேகத்தில் முதல் வீட்டுக்கு "பொதுமக்களுக்கு ஓர் அறிவிப்பு" கிடைத்தது. நடுவிலிருந்த பூங்கோதைக்கு "நாளை மறுநாள் குடிநீர்" வரைக்கும் கிடைத்தது. கடைசி வீட்டுக்கு "நன்றி, வணக்கம்".

குடிநீர் வருமா, வராதா? நாளைக்கு அவள் மகளுக்கு வளைகாப்பு. எண்பது பேருக்குச் சமையல். தண்ணீர் லாரிக்காரரோ மறுநாள் லோடுக்குப் பகல் பன்னிரண்டு மணிக்கு மேல் யார் சொன்னாலும் காதில் வாங்கமாட்டார். அறிவித்தவரையே தேடிப் போனாள். இருளப்பனின் இஸ்திரி வண்டிக்குப் பக்கத்தில் ஆட்டோவை நிறுத்திவிட்டுச் சாய்ந்திருந்தார் தவசிக்கண்ணு.

"அண்ணே, நேத்து எங்க தெருவுல என்ன சொன்னீங்க? சரியாக் கேக்கல."

"என் குரல் கேக்கலையா? தாயி, போன மாசம் பிறப்புச் சான்றிதழ் முகாமுன்னு ஒரே ஒரு தடவ சொன்னேன். பக்கத்து ஜில்லாவுல வயித்துல இருந்த பிள்ளை அதக் கேட்டுட்டு, கடைசித் தேதி தப்பிரக் கூடாதுன்னு பத்து நாள் முந்தியே பொறந்துருச்சு."

"ஃபாரத்த அதுவே எழுதுச்சா?" இருளப்பன் தேய்த்துக்கொண்டிருந்த சட்டையிலிருந்து தலையைத் தூக்காமல் கேட்டார்.

"கையெழுத்து மட்டும் அவங்கப்பா போட்டாரு. அத விடு. கொசு ஒழிப்புன்னு சொன்னேன். மருந்தடிக்க ஆள் வாரதுக்குள்ள கொசுவெல்லாம் மூட்டை முடிச்சோட ஊரைக் காலி பண்ணிருச்சு!"

இருளப்பன் தன் முழங்கையில் பட்டென்று அடித்தார். "இது வழி தெரியாம நின்னுபோச்சு போல."

பூங்கோதைக்கு எரிச்சல் மண்டையில் ஏறியது. "அண்ணே, மணி பதினொன்னேகால். அந்தத் தண்ணி விஷயம்..."

"அட, இதக் கேளு தாயி. வெறிநாய்க்கடி ஊசி முகாமுன்னேன். நாய்களே நடந்து வந்து வரிசையில நின்னுச்சு. அடுத்த வார்டு நாய் ஒண்ணு நடுவுல பூந்துச்சு. மத்த நாயெல்லாம் சேந்து, 'ஆதார் கார்டைக் காட்டு'ன்னு திருப்பி அனுப்பிருச்சுக!"

"இது தெரியாம போச்சே. எங்க தெரு நாய்கிட்டயே கேட்டிருப்பேன். இப்பவாச்சும் அந்த ஒரு வரிய வாயத் திறந்து சொல்லுங்கண்ணே."

தவசிக்கண்ணு தொண்டையைச் செருமினார். இன்னொரு தடவையும் செருமினார். "நின்ன எடத்துல வராது தாயி. வண்டி ஓடுனாத்தான் எனக்கு வாய் ஓடும்."

"அப்ப எடுங்க வண்டிய." அவள் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

வண்டி கிளம்பியது, வாயும் கிளம்பியது. அந்த வார்டில் ஓர் அறிவிப்பை முழுசாகக் கேட்ட முதல் பிரஜை என்ற பெருமை பூங்கோதைக்குக் கிடைத்தது.

"பொதுமக்களுக்கு ஓர் அறிவிப்பு! குழாய் பழுதுபார்க்கும் பணி காரணமாக, நாளை குடிநீர் சில தெருக்களில் வராது! எந்தெந்தத் தெரு என்பதை, ஆட்டோவில் வரும் அறிவிப்பைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது! நன்றி, வணக்கம்!"

மைக்கை இறக்கிவிட்டு, "எப்படி நம்ம குரல்?" என்று திரும்பினார்.

"கணீர்னு இருக்குண்ணே. வண்டிய அப்படியே தண்ணி லாரிக்காரர் வீட்டுக்கு விடுங்க."