குளுக்கோஸில் சர்க்கரை இல்லை

எங்கள் ஆய்வகத்தில் மூன்று முட்டாள்கள் உண்டு. நான்காவது நான்தான் என்று துறையில் பேசிக்கொள்கிறார்கள். அதை வன்மையாக மறுக்கிறேன். படித்துவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

என் முனைவர் பட்ட வேலை இதுதான்: நானூறு மூலிகை மூலக்கூறுகளைக் கம்ப்யூட்டருக்குக் கொடுத்து, எதெதில் சர்க்கரைத் துண்டு ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று கண்டுபிடிப்பது. கைடு மேடம் டெல்லிக்குக் கிளம்பும் அவசரத்தில் அந்த மூவரையும் எனக்கு உதவிக்கு விட்டுவிட்டுச் சொன்னார்: "புரோகிராம் காட்டுற சர்க்கரைத் துண்டை வெட்டி எடுங்க. மிச்சத்தை மறுபடி உள்ளே கொடுங்க. 'சர்க்கரை இல்லை'ன்னு வர்ற வரைக்கும் விடாதீங்க. வந்த பதிலை அட்டவணையில எழுதுங்க. கையாலயும் ஒருதடவை சரிபாருங்க."

மூவரும் கையைக் கழுவிக்கொண்டு வந்தார்கள். திருமேனி திரையில் தெரிந்த ஒவ்வொரு மூலக்கூறு வளையத்தையும் விரலால் தடவி, "வழவழன்னு இருக்கு, சரி" என்றான். ஆரோக்கியம் டிக் போட்டான்.

நூற்றுப் பதினேழாவதாகக் குளுக்கோஸ் வந்தது. அது முழுக்க முழுக்கச் சர்க்கரை. வெட்டியதும் திரையில் ஒன்றுமே இல்லை.

"மிச்சம் எங்கடா?" குணசீலன் மேசைக்கு அடியில் குனிந்து தேடினான்.

"இதுதான் மிச்சம்." ஆரோக்கியம் வெறும் திரையைக் காட்டினான். "உள்ளே கொடு."

கொடுத்தார்கள். 'சர்க்கரை இல்லை' என்று வந்தது. எழுதிவிட்டார்கள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "குளுக்கோஸே சர்க்கரைதாண்டா!"

"கோவப்படாதே நாச்சி," என்றான் திருமேனி. "வெட்டுறதுக்கு முன்னாடி இருந்துச்சு, ஒத்துக்கறோம். இப்ப இருக்கா?"

"இப்ப எதுவுமே இல்லையே!"

"அதைத்தானே எழுதியிருக்கோம்?"

இரண்டரை மணி நேரம் வாதாடினேன். ஜெயித்தது நான்தான். அதற்குள் மீதி மூலக்கூறுகளையும் முடித்து, குணசீலன் ஆய்வேட்டை பைண்டிங் செய்து சமர்ப்பித்துவிட்டு வந்திருந்தான்.

வாய்மொழித் தேர்வுக்கு வந்த தேர்வாளர் நல்ல மனிதர். குளுக்கோஸ் இருந்த நாற்பத்தாறாம் பக்கத்தைத் திருப்பவே இல்லை. அவர் கையெழுத்துப் போட்டால் நான் டாக்டர். பேனாவைத் திறந்தவர், "ஒரு காபி கிடைக்குமா? எனக்கு டயாபடிஸ், சர்க்கரை வேண்டாம்" என்றார்.

மூவரும் கேண்டீனுக்குப் பாய்ந்தார்கள். காபி வந்தது. ஒரு வாய் குடித்தார்.

"இனிக்குதே!"

"இருக்காது சார்," என்றான் ஆரோக்கியம் பணிவாக. "சர்க்கரை டப்பாவைத் தொடவே இல்லை. நாலு ஸ்பூன் குளுக்கோஸ்தான்." நாற்பத்தாறாம் பக்கத்தை விரித்துக் காட்டினான். "நூற்றுப் பதினேழு. பாருங்க, 'சர்க்கரை இல்லை'."

தேர்வாளர் பேனாவை மூடினார். "ஆனா இனிக்குதேப்பா!"

மூவரும் மூலையில் கூடிப் பேசினார்கள். திருமேனி முன்னால் வந்தான். "அப்ப சர்க்கரை உங்க நாக்குலதான் சார் ஒட்டியிருக்கு. அதை வெட்டி எடுத்துட்டு, மிச்சத்தை மறுபடி உள்ளே கொடுப்போம்."

நான் சும்மா இருப்பேனா? நாக்கு என்பது சதை, சதை என்பது புரதம், புரதம் எப்படிச் சர்க்கரையாகும் என்று பிடித்துக்கொண்டேன். முக்கால் மணி நேரம். மூவரும் தோல்வியை ஒப்புக்கொண்டார்கள். வெற்றியோடு திரும்பினேன்.

தேர்வாளரின் நாற்காலி காலி.

ஆரோக்கியம் அதைக் கையால் ஒருமுறை தடவிப் பார்த்தான். குணசீலன் எழுதிக்கொண்டான்: 'சர்க்கரை இல்லை'.