எதிர்வீட்டு வைஃபை

மழை தூறிக்கொண்டிருந்த மத்தியானம். ஏகாம்பரம் வீட்டு டிவியில் ஒரு நீல வட்டம் குளத்து மீன்போலச் சுற்றிச் சுற்றி வந்தது. அதையே பார்த்துப் பார்த்து விருந்தாளிகளுக்கெல்லாம் கண் சொக்கியது.

குடியிருப்புச் சங்கத் தலைவரான ஏகாம்பரம், காபி கொண்டுவந்த சமையல்காரி செவந்திமேல் பாய்ந்தார். "உன் போன்தான் என் வைஃபையைத் திருடுது! காபி ஆறுறதுக்குள்ள டிவி ஓடணும். இல்லேன்னா நாளைக்கு வேலைக்கு வராதே."

செவந்தி கனவில் நடப்பவள்போல டிவியருகே போய், திரையில் வட்டத்துக்குக் கீழே பொடியாக இருந்த எழுத்தை வாசித்தாள்.

"திருடினது வேற யாராவதா இருந்தா என்னங்கய்யா செய்வீங்க?"

"யாரானாலும் எல்லார் முன்னாலயும் மன்னிப்புக் கேக்கணும்!"

"சரிங்கய்யா. கிரகப்பிரவேசத்தன்னிக்கு, கிண்ணத்தை நீட்டி உறைமோர் வாங்குற மாதிரி, எதிர்வீட்டு டீச்சர்கிட்ட ஒருநாளைக்குன்னு வைஃபை வாங்கினீங்களே. டிவி இன்னும் அவங்க வைஃபையிலதான் இருக்கு. பாஸ்வேர்டு தப்புன்னு காட்டுது."

சோபாவில் சொக்கியிருந்த எதிர்வீட்டு பிலோமினா டீச்சர் கண்ணைத் திறந்தார். "காலையிலதான் மாத்தினேன். யாரோ ரொம்ப நாளா ஒட்டிக்கிட்டிருந்தாங்க."

நீல வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. செவந்தி ஒரு வெறுங்கிண்ணத்தை எடுத்துவந்து ஏகாம்பரத்தின் கையில் கொடுத்தாள்.

"முதல்ல மன்னிப்பு, அப்புறம் பாஸ்வேர்டு. கேளுங்கய்யா, காபி இன்னும் ஆறலை."