இலை மூடிய சுனை

மூங்கிற்பள்ளத்து மிருகங்களுக்கு ஒரு சுனை இருந்தது. அதில் ஒருவரும் தண்ணீர் குடிப்பதில்லை.

அது ஆண்டவரின் சுனை. முன்னோர் காலத்தில் ஒரு கோடையில் காடு பற்றி எரிந்தது. ஓடைகள் வற்றின. நாக்கு உலர்ந்துபோன முன்னோர்கள் ஒரு கரும்பாறையின் கீழே விழுந்து, "ஆண்டவரே, உம்மை விட்டால் எங்களுக்கு யார் இருக்கிறார்கள்?" என்று கதறினார்கள். அப்போது பாறையின் அடியிலிருந்து தண்ணீர் ஊறி வந்தது. வயிறு நிறையக் குடித்துப் பிழைத்தார்கள். ஆண்டவருக்கு என்ன கொடுப்பது என்று தெரியாமல், சந்தோஷம் தாங்காமல், யாரோ ஒரு பச்சை இலையைப் பறித்துச் சுனையோரம் வைத்தார்கள்.

அவர்களுடைய பிள்ளைகளும் இலை வைத்தார்கள். பேரப்பிள்ளைகள் அதைச் சுனைக்குள்ளேயே போட்டார்கள். பிறகு ஒருநாள், "ஆண்டவரின் தண்ணீரில் நம்முடைய எச்சில் வாய் படலாமா?" என்று ஒரு கேள்வி எழுந்தது. படக்கூடாது என்று முடிவாயிற்று. சுற்றிலும் இண்டு முள்ளால் வேலி வந்தது. தினமும் காலையில் எல்லாரும் கூடுவார்கள். கண்ணை மூடித் தலையைக் குனிந்து, "எங்கள் உயிர் உமக்கே" என்று சொல்லுவார்கள். வேலிக்கு மேலாக ஆளுக்கொரு இலையை வீசிவிட்டு மேயப் போவார்கள். கண்ணைத் திறந்து உள்ளே எட்டிப் பார்ப்பது பாவம்.

கவையன் அந்தச் சுனைக்குக் காவல். அவன் ஒரு மிளா. மான்களில் பெரிய சாதி. அகன்று கிளைத்த அவனுடைய கொம்பைப் பார்த்துத்தான் கரடி மூப்பர் அவனைக் காவலுக்கு வைத்தார். காலை ஆராதனையை நடத்துகிறவர் அவர்.

"உன்னைப்போல ஒரு காவல்காரன் இந்தச் சுனைக்கு வாய்த்ததில்லை, தம்பி" என்பார் மூப்பர். கவையனுக்கு அந்த வார்த்தை தேன். தலை குனிந்து நிற்கும்போதெல்லாம் அவன் மனதுக்குள் ஓடுவது ஆண்டவர் அல்ல. தான் முன்வரிசையில் நிற்பதை எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்ற நினைப்புதான்.

அவனுடைய தாய் பூவாலி ஆராதனைக்கு வருவதில்லை. ஒரு பின்னங்கால் ஊனம். புதர்ப் பக்கமாகவே மேய்வாள். மேய்ந்துகொண்டே ஆண்டவரோடு பேசுவாள். "நல்ல புல் இது, ஆண்டவரே." "இன்றைக்குக் கால் கொஞ்சம் பரவாயில்லை, உமக்கு நன்றி." பக்கத்தில் நிற்கிறவரிடம் சொல்லுவதுபோலச் சொல்லுவாள். கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். கவையனுக்கு வெட்கமாக இருக்கும்.

அந்த வருடம் மழை பொய்த்தது. ஓடையில் கல் தெரிந்தது, பிறகு கல்லும் வெடித்தது. காட்டுக்கு அப்பால் ஒரு ஏரியில் மட்டும் தண்ணீர் கிடந்தது. ஆனால் அந்த வழியில் செந்நாய்கள் படுத்திருந்தன. ஓடத் தெரிந்தவர்கள் போய்க் குடித்துவிட்டு வந்தார்கள். மற்றவர்கள் திரும்பவில்லை.

ஒரு சாயங்காலம் பூவாலி காலை இழுத்துக்கொண்டு சுனைக்கு வந்தாள். விலா எலும்புகள் வெளியே தெரிந்தன.

"கண்ணு, ஒரு வாய் தண்ணீர் கொடு" என்றாள்.

கவையன் பாறையைப் பார்த்தான். மேலே மூப்பர் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது ஆண்டவருக்கென்று ஒதுக்கினது, அம்மா. உனக்குத் தெரியாதா?"

"தெரியும். ஆண்டவருக்குத் தாகமா, கண்ணு?"

"அப்படியெல்லாம் பேசாதே. நாளைக் காலை ஆராதனை முடியட்டும். நான் உன்னை ஏரிக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன்."

"அதுவரைக்கும் இந்தக் கால் நிற்குமா என்று தெரியவில்லையே."

அவள் வேலியை நோக்கி ஓர் அடி வைத்தாள். மேலே மூப்பர் தொண்டையைச் செருமினார். கவையன் தலையைத் தாழ்த்தினான். அவனுடைய கொம்பின் நுனி தாயின் கழுத்துக்கு நேரே நின்றது.

பூவாலி அந்தக் கொம்பைப் பார்த்தாள். பிறகு அவன் முகத்தைப் பார்த்தாள்.

"சரி, கண்ணு. நீ உன் இடத்தை விட்டு வர வேண்டாம். நான் மெதுவாகப் போய்க்கொள்கிறேன்" என்று சொல்லித் திரும்பினாள். சருகில் அவள் கால் இழுபடும் சத்தம் வெகுநேரம் கேட்டது.

மறுநாள் ஆராதனையில் மூப்பர் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்: "நேற்று இந்தத் தம்பி பெற்ற தாய் என்றும் பார்க்கவில்லை. ஆண்டவருக்காகத் தன் பாசத்தையே தள்ளினான். பக்தி என்றால் இது."

எல்லாரும் கவையனைத் திரும்பிப் பார்த்தார்கள். காட்டுப்பன்றி வந்து அவனோடு தோளை உரசிக்கொண்டு நின்றான். அவன் நெஞ்சு விம்மியது. கூட்டம் கலைந்த பிறகும் புகழுகிறவர்கள் புகழ்ந்துகொண்டே இருந்தார்கள். அவனும் நின்று கேட்டுக்கொண்டே இருந்தான். தாயைத் தேடிப் புறப்படும்போது வெயில் உச்சிக்கு ஏறிவிட்டது.

ஏரி வழியில் பாதிகூட அவள் போயிருக்கவில்லை. வறண்ட ஓடைக்குள் ஒரு மருத மரத்தடியில் கிடந்தாள். கண் மூடியிருந்தது. உதடுகள் அசைந்தன. தன்னிடம்தான் பேசுகிறாள் என்று நினைத்துக் குனிந்து காது கொடுத்தான்.

"இந்த நிழலுக்கு நன்றி, ஆண்டவரே" என்று அவள் சொல்லிக்கொண்டிருந்தாள். "என் பிள்ளை வருவான். அவன்மேல் கோபம் வைக்காதேயும். உம்மைத் தெரியாமலே உமக்குக் காவல் நிற்கிறான்."

கவையன் அவள் பக்கத்தில் மண்டியிட்டான்.

"அம்மா, நான் வந்துவிட்டேன். தண்ணீர் கொண்டுவருகிறேன். கொஞ்சம் பொறுத்துக்கொள்" என்றான். அவளுக்குக் கேட்டதா என்று தெரியவில்லை. அவன் வந்த வழியே ஓடினான்.

சுனைக்கு வந்ததும் நிற்கவில்லை. கொம்பால் முள்வேலியைக் கிழித்து எறிந்தான். முள் முகத்தில் ஏறியது. முதல்தடவையாகக் கண்ணைத் திறந்துகொண்டு உள்ளே பார்த்தான்.

தண்ணீர் இல்லை. விளிம்புவரைக்கும் இலைகள். மேலே அன்று காலை வீசிய பச்சை, அதன் கீழே பழுப்பு, அதற்கும் கீழே கறுப்புச் சேறு. வாயை வைத்தான். பிண நாற்றம் அடித்தது. நாக்கில் ஒட்டியது சேறுதான்.

"பார்த்துவிட்டாயா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் மெல்லக் கேட்டது. மூப்பர் நின்றுகொண்டிருந்தார்.

"உங்களுக்கு இது தெரியுமா, ஐயா?"

"சின்ன வயதிலேயே ஒருநாள் கண்ணைத் திறந்து பார்த்துவிட்டேன்."

"பிறகு ஏன் சொல்லவில்லை?"

"சொன்னால் மறுநாள் யார் கூடுவார்கள்? கூட்டம் இல்லாவிட்டால் நான் யார், நீ யார்? வா, தம்பி. வேலியை அடைத்துவிடுவோம். ஒருவருக்கும் தெரிய வேண்டாம்."

"என் அம்மா செத்துக்கொண்டிருக்கிறாள்."

"வயதானவள். எப்படியும் போகிறவள்தானே" என்றார் மூப்பர்.

கவையன் அவருக்கு முதுகைக் காட்டித் திரும்பினான். சுனைக்குள் இறங்கினான். குளம்பால் சேற்றை வாரி வெளியே தள்ளினான். கொம்பால் தோண்டினான். ஒரு கிளைக்கொம்பு பாறையில் மோதி முறிந்தது. கழுத்தளவு அழுகலுக்குள் நின்றுகொண்டு, அவன் வாய்விட்டுக் கத்தினான். மனப்பாடமாய்த் தெரிந்த அந்த வார்த்தைகள் அவனுக்கு வரவில்லை.

"ஆண்டவரே, உம்மை எனக்குத் தெரியாது. என் அம்மாவுக்குத் தெரியும். அவளை விரட்டினவன் நான். என்னை என்ன வேண்டுமானாலும் செய்யும். அவளுக்கு ஒரு வாய் தண்ணீர் கொடும்."

பாறையடியில் கடைசிச் சேற்றுக் கட்டி பெயர்ந்தது. அதன் பின்னாலிருந்து குளிர்ந்த தண்ணீர் விரல் தடிமனுக்கு ஒழுகி அவன் முழங்காலில் பட்டது. அத்தனை காலமும் அது அங்கேயேதான் இருந்திருக்கிறது.

அவன் ஒரு சொட்டும் குடிக்கவில்லை. ஈரப் பாசியைக் கொத்தாகப் பிடுங்கித் தண்ணீரில் தோய்த்து, வாயில் கவ்விக்கொண்டு ஓடினான். மூப்பரை அங்கே காணவில்லை. மற்றவர்களைக் கூட்டிவரப் போயிருந்தார்.

மருத மரத்தடியில் பூவாலியின் உதடுகள் அசையவில்லை. கண்ணில் எறும்பு ஊர்ந்தது. கவையன் பாசியை அவள் வாயில் வைத்தான். தண்ணீர் தாடை வழியே வடிந்து மண்ணில் இறங்கியது. வைத்த வாயை எடுக்காமல் அவன் அப்படியே நின்றான்.

வெயில் தாழ்ந்தபோது சுனைக்குத் திரும்பினான். காடே அங்கே கூடியிருந்தது. எல்லாருடைய மூக்கும் விரிந்து விரிந்து மூடியது. தண்ணீர் வாசம். ஆனால் ஒருவரும் கிட்டே போகவில்லை.

"குடியுங்கள்" என்றான் கவையன். "இது நாம் பிழைப்பதற்காக ஆண்டவர் கொடுத்தது. அவர் கொடுத்ததை நாமே இலை போட்டு அடைத்துவிட்டோம்."

மூப்பர் முன்னால் வந்தார். "இது தீட்டுப்பட்ட தண்ணீர். தாயைச் சாகவிட்டவன் தோண்டினது. யார் இதில் வாய் வைப்பீர்கள்?"

"ஆமாம், சாகவிட்டேன்" என்றான் கவையன். "அதற்காகத்தான் இன்றைக்குக் காலையில் இதே இடத்தில் நீங்கள் என்னைப் புகழ்ந்தீர்கள்."

முயல் அளவே இருக்கும் ஒரு சருகுமான் தன் குட்டியை மூக்கால் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தாள். குட்டி தள்ளாடித் தள்ளாடி வந்து தண்ணீரில் முகத்தைப் புதைத்தது.

"நம் முன்னோர்களைவிட இவன் பெரியவனா?" என்று மூப்பர் உறுமினார்.

அந்தக் கேள்வி போதுமானதாக இருந்தது. காலையில் தோளோடு தோள் உரசி நின்ற காட்டுப்பன்றியே முதலில் பாய்ந்தான். கவையனின் விலா கிழிந்தது. மற்றவர்கள் முட்டினார்கள், உதைத்தார்கள், கடித்தார்கள். சருகுமான் குட்டியோடு புதருக்குள் ஓடி ஒளிந்தாள். கவையனைச் சரிவுக்குக் கீழே உருட்டிவிட்டு, அவர்கள் திரும்பி வந்து கண்ணை மூடி, "எங்கள் உயிர் உமக்கே" என்று சொன்னார்கள். ஊறி வந்த தண்ணீரின்மேல் இலைகளை வீசினார்கள். வறண்ட தொண்டையோடு கலைந்து போனார்கள்.

கவையன் சாகவில்லை. நடக்க முடிந்ததும் சுனைக்கு ஏறி வந்தான். இலைகளை வாயால் ஒவ்வொன்றாக எடுத்து வெளியே போட்டான். தண்ணீர் தெளிந்ததும் குடித்தான். அதன்பிறகு அதுவே அவன் வேலையாயிற்று. காலையில் அவர்கள் வீசிவிட்டுப் போவார்கள். போன பிறகு அவன் வந்து அள்ளுவான். அள்ளிக்கொண்டே ஆண்டவரோடு பேசுவான். முதலில் என்ன பேசுவது என்று தெரியாமல் திக்கினான். "நான் கெட்டவன், ஆண்டவரே" என்பதுதான் அவனுக்குத் தெரிந்த வார்த்தை. நாளாக நாளாகப் பேச்சு வந்தது.

சருகுமான் குட்டியோடு வந்து குடித்தாள். கால் ஒடிந்த ஒரு முள்ளம்பன்றி வந்தான். ஏரிக்கு ஓட முடியாத இன்னும் சிலர், யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்து வந்தார்கள். மற்றவர்கள் ஆராதனை முடித்து ஏரிக்கே போனார்கள். போனவர்களில் தினமும் யாராவது குறைந்தார்கள். காட்டுப்பன்றியைச் செந்நாய்கள் பிடித்தன.

ஒரு மத்தியானம் மூப்பர் தனியாகச் சுனைக்கு வந்தார். தோல் தொங்கியது. நாக்கு வெளியே கிடந்தது. கவையன் நின்றிருப்பதைப் பார்த்து நின்றுவிட்டார்.

கவையன் வழியைவிட்டு ஒதுங்கினான். "குடியுங்கள், ஐயா."

மூப்பர் தண்ணீரைப் பார்த்தார். அது கிட்டத்தட்ட அவர் மூக்கின் கீழே இருந்தது. பிறகு வலப்பக்கம் பார்த்தார், இடப்பக்கம் பார்த்தார். புதரோரம் சருகுமானும் குட்டியும் நின்றிருந்தார்கள். குட்டி அவரையே பார்த்துக்கொண்டிருந்தது.

"நான் காவல் எப்படி இருக்கிறது என்று பார்க்க வந்தேன்" என்றார் மூப்பர்.

"ஐயா, உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன். நான் இந்த இடத்தில் ஒரு தாகத்தைத் திருப்பி அனுப்பினவன். இன்னொன்றை அனுப்ப என்னால் முடியாது. குனிந்து குடியுங்கள்."

"இத்தனை காலம் குடிக்காதவன் இன்றைக்குக் குடித்தால், அத்தனை காலமும் தப்பு என்று ஆகிவிடும்" என்றார் மூப்பர். தலையை நிமிர்த்திக்கொண்டு, ஆராதனையில் நடப்பதுபோலவே நடந்து, ஏரிப் பாதையில் இறங்கினார்.

கவையன் பாசியைத் தோய்த்துக் கவ்விக்கொண்டு பின்னாலேயே போனான். மூப்பர் சரிவின் வளைவில் விழுந்து கிடந்தார். மூச்சு இருந்தது. பாசியை வாயருகே கொண்டுபோனபோது பல்லை இறுக்கிக்கொண்டார். அப்படியே உயிர் போயிற்று.

கவையன் அவர் பக்கத்தில் படுத்துக்கொண்டான். கிழிந்த விலா ஆறவே இல்லை. மூச்சு விடும்போதெல்லாம் வலித்தது. "ஆண்டவரே, இவரும் உம்முடைய பெயரைத்தான் தினமும் சொன்னார்" என்று சொல்லி அழுதான்.

இயேசு ஆண்டவரின் பிள்ளைகளாகிய நமக்கும் இதுவே நீதி: முழு இருதயத்தோடு தேவனை நேசிக்காமல், முன்னோர் செய்தார்கள் என்பதற்காக மட்டும் செய்யும் ஆராதனை அவரைச் சென்று சேராது, பக்கத்தில் தாகத்தோடு நிற்கிறவரையும் சாகவிடும்.