ஒரு சாண் டியூப்

கோவை கணபதியில் பூங்கொடி என்று ஒருத்தி. பந்தயத்துக்குப் போகிற கார்களைப் பிரித்து, வேகம் கூட்டிச் சேர்த்துக் கொடுக்கிறவள். வயது முப்பத்தாறு. அவளிடம் தொழில் கற்றுக்கொள்ள வந்து சேர்ந்தவர் திருமூர்த்தி. அவருக்கு ஐம்பத்திரண்டு. இருபத்தைந்து வருஷம் பஸ் டிப்போவில் மெக்கானிக்காகக் கை கறுத்தவர். பந்தயக் கார் மேல் ஆசைப்பட்டு, வயதைப் பார்க்காமல் அவள் முன்னால் வந்து நின்றார்.

"மாஸ்டர்னு கூப்பிடாதீங்கண்ணா. பரோட்டாக் கல்லு முன்னால நிக்கிற மாதிரி இருக்குது."

"கத்துக் குடுக்கிறவங்களை வேற எப்படிங்க கூப்பிடறது, மாஸ்டர்?"

அதோடு அவள் விட்டுவிட்டாள்.

இரண்டு மாதத்துக்கு முன்னால், திருமூர்த்தி தனியாகச் செய்த முதல் கார், பந்தயத்தின் நடுவில் நின்றுபோயிற்று. பெட்ரோல் போதாமல் சூடேறி, பிஸ்டன் உருகிவிட்டது. ஓட்டியவனுக்கு ஒன்றும் ஆகவில்லை, கடவுள் புண்ணியம். காரின் சொந்தக்காரரும், "விடுங்க, பந்தயம்னா இதெல்லாம் இருக்கிறதுதான்" என்று சொல்லிவிட்டார். திருமூர்த்திதான் விடவில்லை. சாமி கும்பிட நின்றாலும் அதுதான், சோற்றில் கை வைத்தாலும் அதுதான். ஸ்பானர் கேட்டு வந்தவரிடமும் அதைச் சொன்னார். டீ கொண்டுவரும் சரசக்காவுக்கு அந்தக் கதை மனப்பாடம்.

"இன்னிக்கும் உருகுச்சுங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் டம்ளரை வைப்பாள்.

இப்போது இரண்டாவது கார். ஞாயிற்றுக்கிழமை ஓட வேண்டும். நின்ற இடத்தில் ஓடவிட்டால் பெட்ரோல் அழுத்தம் மீட்டரில் மூன்றில் நிற்கிறது. முழுக்க மிதித்தால் இரண்டுக்கு இறங்குகிறது. இப்படியே ஓட்டினால் இந்த இன்ஜினும் போய்விடும்.

வியாழக்கிழமை காலையில் திருமூர்த்தி வந்து நின்றார்.

"மாஸ்டர், இந்தக் காரும் நின்னுபோச்சுன்னா நான் டிப்போ பக்கமே போயிடறேனுங்க. இந்தக் கைக்கு இந்த வேலை ஆகாது."

"முதல்ல காருக்கு என்னன்னு பார்ப்போம். கைக்கு என்னன்னு அப்புறம் பார்க்கலாம். என்னென்ன மாத்துனீங்க?"

"ஃபில்டர் மாத்திட்டேன். அழுத்தத்தைப் பிடிச்சு வைக்கிற ரெகுலேட்டரையும் மாத்திட்டேன். வண்டிக்கு அடியில படுத்து, ஒவ்வொரு இணைப்பா விரலால தடவிப் பார்த்தேன். ஒரு சொட்டு ஈரம் இல்லீங்க. வாசனைகூட இல்லை."

"டேங்க்குக்குள்ள?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "அங்க இருக்கிற பெரிய பம்ப்பு, போன மாசம் நானே மாட்டினது. மூணு தடவை சரிபார்த்துத்தான் மூடினேன்."

"அதனால பார்க்கலையா?"

"பார்க்கப் பயமா இருந்துதுங்க."

பூங்கொடி மீட்டர் பக்கம் போய் நின்றாள். சாவியைத் திருப்பச் சொன்னாள். பம்ப்பு ஓடியது, முள் மூன்றுக்கு ஏறியது. நிறுத்தச் சொன்னாள். முள் சரிய ஆரம்பித்து, சரசக்கா காலி டம்ளர்களை எடுத்துக்கொண்டு படி இறங்குவதற்குள் படுத்துவிட்டது.

மறுபடி திருப்பச் சொன்னாள். நிறுத்தச் சொன்னாள். நிறுத்தின கையோடு, டேங்க்கை விட்டு வெளியே வருகிற ரப்பர் டியூப்பை, துணி சுற்றிய இடுக்கியால் இறுக்கிப் பிடித்தாள்.

முள் அசையவில்லை.

பிடியை விட்டாள். முள் சரிந்தது.

"சொல்லுங்கண்ணா."

"பிடிச்ச இடத்துல இருந்து இன்ஜின் வரைக்கும் எல்லாம் நல்லா இருக்குதுங்க." அவர் குரல் இறங்கிவிட்டது. "டேங்க்குக்குள்ளதான் போகுது."

பேட்டரி ஒயரைக் கழற்றினார்கள். ஷெட் கதவை விரியத் திறந்து வைத்தார்கள். பூங்கொடி வழக்கம்போல ஒரு நொடி கண்ணை மூடி, உதட்டுக்குள் எதையோ சொல்லிக்கொண்டாள். பிறகு நகர்ந்து அவருக்கு இடம் விட்டாள்.

திருமூர்த்தி பின்சீட்டுக்கு அடியில் இருந்த மூடியைத் திருகி, பம்ப்போடு சேர்த்து மெதுவாகத் தூக்கி எடுத்தார்.

பம்ப்பு புத்தம் புதுசாக இருந்தது. பம்ப்புக்கும் மூடிக்கும் நடுவில் அவர் மாட்டியிருந்த ஒரு சாண் டியூப்தான் உப்பி, ஊறின அப்பளமாகத் தொங்கியது. வளைவில் ஒரு கீறல். பம்ப்பு தள்ளிய பெட்ரோலில் ஒரு பங்கு அந்த வழியாக டேங்க்குக்கே திரும்பி விழுந்திருக்கிறது. வெளியே ஈரம் எப்படித் தெரியும்? நின்ற இடத்தில் ஓடும்போது பெரிய பம்ப்பு அந்த ஓட்டையையும் சமாளித்துக்கொண்டது. இன்ஜின் முழுசாகக் கேட்டபோதுதான் கொடுக்க முடியவில்லை.

திருமூர்த்தி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"நான் வெட்டி மாட்டின டியூப்புங்க இது. அந்தக் காரும் என் கை, இதுவும் என் கை. இன்னியோட போயிடறேன், மாஸ்டர்."

"போலாம். அதுக்கு முன்னால ஒண்ணு சொல்லுங்க. இது மட்டமான டியூப்பா?"

"இல்லீங்க. பெட்ரோலுக்குன்னே வர்றது. இதே சுருள்ல வெட்டினதைத்தான் இன்ஜின் பக்கம் வெளியிலயும் மாட்டியிருக்கேன். அது கல்லு மாதிரி இருக்குது."

"ஒரே சுருள். ஒரே பெட்ரோல். இது மட்டும் ஏன் ஒரு மாசத்துல இப்படி ஆச்சு?"

அவர் டியூப்பைக் கழற்றி, நீளவாக்கில் பிளந்து பார்த்தார். பெட்ரோல் ஓடிய உள்பக்கம் வழவழவென்று அப்படியே இருந்தது. வெளித்தோல்தான் கரைந்து, விரலில் கறுப்பாக ஒட்டியது.

"தெரியலீங்க."

பூங்கொடி அலமாரியிலிருந்து, டேங்க்குக்குள் போடுவதற்கென்றே வருகிற வேறு டியூப்பை எடுத்தாள். ஒரு சாண் அளந்து வெட்டி, அவர் மடியில் வைத்தாள்.

"நீங்க மாட்டினது பெட்ரோலை உள்ளே வச்சுத் தூக்கிட்டுப் போறதுக்குச் செஞ்சதுங்கண்ணா. எத்தனை வருஷம்னாலும் தூக்கும். அதுலயே முங்கிக் கிடக்கிறதுக்குச் செஞ்சதில்லை."

திருமூர்த்தி அந்தப் பழைய கதையை எடுக்காமல், மடியில் இருந்த டியூப்பைப் பம்ப்பில் செருகினார். பிறகு அதை இறுக்குகிற கிளிப்புக்காக அவளிடம் கையை நீட்டினார்.