திறந்தாராம்

தென்பாண்டிச் சீமையின் மடம் ஒன்றில் ஏட்டுச் சுவடிகள் வைத்திருந்த அறையின் சன்னல் ஒரு பிற்பகல் முழுவதும் திறந்து கிடந்தது. அன்று பெய்த மழையில் பதினெட்டுச் சுவடிக் கட்டுகள் நனைந்து கெட்டன.

அறையில் அன்று படிக்க வந்தவர் பலர். எனினும், பழி அறைக் காவலர் பொன்னுலிங்கத்தின் மீது விழுந்தது. அவர் அங்கே இருபத்திரண்டு ஆண்டுகளாகப் பணிபுரிபவர். பழி மெய்யென்று ஆகிவிட்டால், வேலையோடு மடத்து வீட்டையும் விட்டு மனைவியுடன் வெளியேற வேண்டும்.

விசாரித்து எழுதித் தருமாறு மடத்துத் தலைவர் தம் சீடர் சபாபதித் தம்பிரானைப் பணித்தார். தலைவரை அங்கே எல்லோரும் சந்நிதானம் என்பர். தம்பிரான் ஐம்பது வயதினர். துறவு பூணுமுன் நீதிமன்றத்தில் எழுத்தராய் இருந்தவர். தமது நடையில் பெருமை உடையவர்.

ஐந்தாம் நாள் பன்னிரண்டு பக்க அறிக்கையோடு வந்து நின்றார். சந்நிதானம் அதைக் கையில் வாங்கி எடை பார்த்துவிட்டு அவரிடமே கொடுத்தார்.

"மழைகூட இவ்வளவு நீளமாகப் பெய்யவில்லையே."

தம்பிரான் சிரிக்கவில்லை. வாயிற்காவலர், சமையற்காரர், தோட்டக்காரர் ஆகிய மூவரின் வாக்குமூலமும் ஒன்றுபோலவே அமைந்திருப்பதாகத் தெரிவித்து, அந்த வரிகளை வாசித்தும் காட்டினார்.

"'பொன்னுலிங்கம் சன்னலைத் திறந்தார். மூடாது சென்றார்.'"

கடைசிப் பக்கத்தில் அவரை வேலையிலிருந்து நீக்கலாம் என்ற பரிந்துரை இருந்தது. சந்நிதானத்தின் கையெழுத்து ஒன்றே குறை.

சந்நிதானம் பேனாவை எடுக்கவில்லை. மூவரையும் ஒருவர்பின் ஒருவராக அனுப்பச் சொன்னார்.

முதலில் தோட்டக்காரர் இசக்கி வந்தார்.

"ஜன்னலத் தொறந்தாராம் சாமி. மூடாமப் போயிட்டாராம்."

யார் சொன்னது என்று கேட்டதற்கு, சமையற்கார அண்ணாச்சி என்றார். சமையற்காரரோ, தாம் அடுப்படியை விட்டு நகரவே இல்லை என்றும், வாயிற்காவலர் சொல்லித்தான் தமக்குத் தெரியும் என்றும் கூறிச் சென்றார்.

வாயிற்காவலர் நம்பி சற்றுத் தயங்கித் தம்பிரானைப் பார்த்தார்.

"தம்பிரான் சாமிதான மொதல்ல வந்து கேட்டாக, 'பொன்னுலிங்கம் ஜன்னலத் தொறந்தாராமே'ன்னு. படிச்சவுக கேட்டா சரியாத்தான் இருக்கும்னு நானும் 'அப்படித்தானாம்'னேன். அதுக்கு முன்ன எனக்கு ஒண்ணும் தெரியாது சாமி."

நம்பி வெளியே போனார். அறைக் காவலர் பொன்னுலிங்கம்தாமே என்ற எண்ணத்தில் அப்படிக் கேட்டுவிட்டதாகத் தம்பிரான் மெல்லிய குரலில் ஒப்புக்கொண்டார்.

"மூவரும் சொல்லின் முடிவில் 'ஆம்' சேர்த்துத்தான் பேசுகிறார்கள். தாளில் அது எங்கே?"

"அது பேச்சு வழக்கு, சந்நிதானம். 'திறந்தாராம்', 'போனாராம்' என்றெல்லாம் ஆவணத்தில் எழுதுவது அழகன்று. ஆகவே திருத்தினேன்."

"எல்லா இடத்திலும் திருத்தினீரா?"

"எல்லா இடத்திலும்."

"பொன்னுலிங்கம் சொன்னதை வாசியும்."

தம்பிரான் ஒன்பதாம் பக்கத்தைப் புரட்டினார்.

"'தாம் சன்னல் பக்கமே செல்லவில்லையாம்.'"

"அவர் வாயால் சொன்னது எப்படி?"

தம்பிரானின் விரல் அந்த வரியிலேயே நின்றது.

"'நான் அந்தப் பக்கமே போகல சாமி' என்றார்."

சந்நிதானம் அறிக்கையை வாங்கி, மடித்து, அவரிடமே திருப்பி நீட்டினார்.

"பொன்னுலிங்கம் வேலையைப் பார்க்கட்டும். மூன்று பேரிடமிருந்து எடுத்த 'ஆம்' எல்லாவற்றையும் அவர் ஒருவர் தலையில் ஏற்றி வைத்திருக்கிறீர். முதலில் அதை இறக்கும்."